"தந்தி இல்லே!" என்று சொல்லிக்கொண்டு வந்தவர்

போன செவ்வாய்க்கிழமை, சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. எட்டிப் பார்த்தால் சவரிமுத்து அண்ணனுடைய மருமகன். கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். "உள்ள வாப்பா" என்றேன். வரவில்லை. அந்தக் குடும்பத்தில் யார் என் வீட்டுக்கு வந்தாலும் தெருமுனையிலேயே "தந்தி இல்லே!" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் வருவார்கள். பெண்கள், பேரப்பிள்ளைகள், மருமகன் எல்லோருக்கும் அது பழக்கம். அன்று அவன் குரல் கொடுக்கவில்லை. அவன் வாயைத் திறப்பதற்குள் நான் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா காலையில போய்ட்டாரு ஆன்ட்டி."

மெர்சி, சுலோசனா அக்கா, ஆவடி குவார்ட்டர்ஸில் என்னோடு குழாயடியில் நின்ற மற்றவர்களே, யார் யார் எந்த ஊரில் இருக்கிறீர்களோ தெரியாது. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆவடிக்குப் பக்கத்திலேயே, அண்ணனூர் வீட்டில் நான் இப்போது தனியாக இருக்கிறேன். இந்தத் தெருவில் யாரிடம் போய்ச் சொன்னாலும், "தந்தியா? அப்படின்னா?" என்பார்கள்.

அப்போது நம் வீட்டு ஆண்கள் அமைதிப்படையோடு இலங்கையில் இருந்தார்கள். நாம் பிள்ளைகளோடு ஆவடியில் வரிசை வீடுகளில் இருந்தோம். கடிதம் எப்போதாவது வரும். தந்தி மட்டும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். காக்கிச் சட்டை, சிவப்பு சைக்கிள், கிணிகிணியென்று மணி. தந்திக்காரன் வரிசைக்குள் நுழைந்தால் குழாயில் குடம் நிரம்பி வழியும், யாரும் நகர மாட்டோம். அவன் ஒரு பெயரைச் சொல்வான். அந்தப் பெயருக்குரியவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் மூச்சு திரும்பும். அந்த மூச்சை விட்டதற்காகவே ராத்திரி சோறு இறங்காது.

வெளியில் போனாலும் பயம்தான். ஒருநாள் அம்பத்தூர் சந்தையில் காய்க்காரம்மா, "வீட்டுக்காரர் எங்க வேலை?" என்று சாதாரணமாகக் கேட்டாள். சொன்னேன். பக்கத்தில் நின்ற ஆள், "அங்க போயி நம்ம ஜனத்தையே சுடறானுங்க" என்றான். கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு வெளி ஆள் என்றாலே எங்களுக்கு ஆகாது. வெளி ஆளும் எங்கள் பக்கம் வருவதில்லை.

இப்படி இருந்தபோதுதான் ஒருநாள் மத்தியானம் காக்கிச் சட்டையும் சிவப்பு சைக்கிளும் மணியடித்துக்கொண்டு வரிசைக்குள் வந்தன. வழக்கமாக வருகிற ஆள் இல்லை. புது ஆள், கருப்பு, ஒல்லி. ஒரு காலை ஊன்றி நின்று கேட்டார்: "தாமோதரன் சார் ஊடு எது?"

தாமோதரன் என் கணவர்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பாதிதான் தெரியும். நான் விழுந்தேன். சுலோசனா அக்கா தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று கத்தினாள். மெர்சி என் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், நான் வளையலை உடைத்துக்கொள்வேனோ என்று. பிள்ளைகள் எல்லாம் அழ ஆரம்பித்தன. இவ்வளவுக்கும் நடுவில் அந்த மனிதர் பையிலிருந்து எதையோ எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். எங்கள் வீட்டு டிரான்சிஸ்டர்.

"ஐயோ, இன்னாம்மா ஆச்சு? ரேடியோம்மா! சார் ரிப்பேருக்குக் குட்த்துட்டுப் போனாரு. வாங்க ஆளே வரல, அதான் நானே எட்த்துகினு வந்தேன்! ரேடியோ தாயி, ரேடியோ!"

விஷயம் புரிந்ததும் சுலோசனா அக்காவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! "கட்டையில போறவனே, உனக்கு வேற சைக்கிளே கிடைக்கலியா?" என்று வாளித் தண்ணீரைத் தூக்கி அவர் தலையோடு ஊற்றினாள். அவர் நனைந்த ரேடியோவைச் சட்டையால் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். கீழே உட்கார்ந்து அழுதுவிட்டார். முகம் தெரியாத ஒரு ஆம்பிளை எங்களுக்காக அழுது நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகுதான் தெரிந்தது. காக்கி, அவருக்கு அம்பத்தூர் லேத்துப் பட்டறையில் கொடுத்த உடுப்பு. சைக்கிள், தபால்காரர்கள் ஓட்டிக் கழித்து ஏலத்தில் விட்டது. ஓட்டை உடைசல் எதைப் பார்த்தாலும் வாங்கிக்கொண்டு போய்ப் பிரித்து மாட்டுவது அவர் வியாதி. பட்டறை விட்டால் வீட்டில் ரேடியோ, மின்விசிறி, தையல் மெஷின் என்று எதையாவது குடைந்துகொண்டிருப்பாராம். பெயின்ட்டும் மணியும் நல்லாத்தானே இருக்கிறது, எதற்கு மாற்றுவது என்று அப்படியே விட்டுவிட்டிருக்கிறார். பாவம், பட்டாளத்து வீடுகளில் அந்தச் சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று வெளி ஆளுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் மறுபடியும் வந்தார். சைக்கிளுக்குப் பச்சை அடித்திருந்தார். மணியைக் கழற்றிவிட்டார். காக்கிக்குப் பதில் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சட்டை. உள்ளே வரவில்லை. கேட்டில் நின்ற காவல்காரரிடம் சொல்லிவிட்டு, கம்பி வேலிக்கு அந்தப் பக்கமே நின்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பதுபோல் உரக்கச் சொன்னார்:

"என் பேரு சவரிமுத்து. அம்பத்தூர்ல கீறேன். லேத்துல வேலை. சம்சாரம் பேரு ஆரோக்கியம், ரெண்டு பொண்ணு. எனக்கு மிலிட்டரியப் பத்தி ஒண்ணியும் தெரியாது தாயிங்களா. நேத்து உங்க உசுர எட்த்துட்டேன். ரேடியோ, ஃபேனு, அடுப்பு, எது கெட்டாலும் பண்ணித் தரேன். இனிமே எட்ட நின்னே சொல்லிட்டுத்தான் வருவேன். தந்தி இல்லே!"

சுலோசனா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அன்றிலிருந்து கேட்டைத் தாண்டியதும், "சவரிமுத்து வரேன்! தந்தி இல்லே!" என்ற குரல் கேட்கும். பிள்ளைகள் அவருக்குத் 'தந்தியில்லே மாமா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் ஸ்டவ்வுக்குத் திரி போட்டார். மெர்சி வீட்டுத் தையல் மெஷினுக்கு உயிர் கொடுத்தார். என் ரேடியோவைப் பற்றி மட்டும், "பாடுதா தாயி?" என்று கேட்பார். "பாடுதுண்ணா" என்பேன். உண்மையில் நான் அதைத் திறக்கவே இல்லை. திறந்தால் செய்தி வரும். செய்தியில் என்ன வருமோ என்று அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்திருந்தேன்.

அவர் குரல் கேட்ட நாளில் தந்தி வராது என்று யார் ஆரம்பித்தார்களோ தெரியவில்லை. பயந்தவர்களுக்கு எது பிடிமானம் என்று யார் சொல்ல முடியும்? வேலை இல்லாவிட்டாலும் தினம் வந்து ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்டோம். "நான் கத்தினா தந்தி நின்னுடுமா? நான் இன்னா போஸ்ட் மாஸ்டரா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் வந்தார். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் மிதித்துக்கொண்டு, ஷிப்டுக்கு முன்னாலோ பின்னாலோ, வேலியோரம் நின்று கத்திவிட்டுப் போவார். ஒருமுறை அவருக்குக் காய்ச்சல். ஆரோக்கியம் அக்கா பஸ் பிடித்து வந்து, வெட்கத்தோடு கேட்டில் நின்று, "அவருக்கு ஒடம்பு முடியல. தந்தி இல்லேன்னு சொல்லச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள்.

ஒருநாள் டீ கொடுத்தபோது என்னிடம் மெதுவாகச் சொன்னார். "உங்களவிட நான்தான் தாயி பயந்துகினு வரேன். நான் இங்க கத்திகினு இருக்கேன், பின்னாலயே அவன் வந்து நின்னான்னா இன்னா பண்ணுவேன்? பொய் சொன்னவன் ஆயிடுவேனே."

அவர் பயந்தது நடந்தது. எங்கள் வீட்டில் கடிதம் வந்து வெகுநாள் ஆகியிருந்தது. மத்தியானம், குழாயடியில் நாம் எல்லோரும் இருந்தோம். பச்சை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சவரி அண்ணன் வரிசைக்குள் வந்தார். குரல் வரவில்லை. பிள்ளைகள்தான் முதலில், "தந்தியில்லே மாமா!" என்று கத்தினார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளைகளும் அடங்கிப்போனார்கள். அவருக்குப் பின்னால், கேட்டுக்குப் பக்கத்தில், சிவப்பு சைக்கிள் நின்றுகொண்டிருந்தது.

யாரை நோக்கி நடக்கிறார் என்று பார்த்தோம். சுலோசனா அக்காவைத் தாண்டினார். மெர்சியைத் தாண்டினார். வேண்டாம் வேண்டாம் என்று நான் பின்னால் நகர்ந்துகொண்டே போனேன், துவைக்கிற கல் முதுகில் இடிக்கும் வரைக்கும்.

"தாயி, உக்காரு. தந்தி வந்துகீது. உனக்குத்தான். அவன் வந்து பேர் சொல்லிக் கூப்ட்டா நீ உழுந்துடுவ. அதான் அவன நிக்க வெச்சிட்டு நான் முன்னாடி வந்தேன். இன்னா இருக்குன்னு எனக்கும் தெரியாது. நான் இங்கியேதான் கீறேன்."

கல்லில் உட்கார்ந்தேன். அண்ணன் கை காட்டியதும் தந்திக்காரர் வந்து தந்தியை நீட்டினார். கைநாட்டு வைத்தேனா, கையெழுத்துப் போட்டேனா, ஒன்றும் நினைவில்லை. எங்களில் இங்கிலீஷ் படித்தவள் மெர்சி. அவள் பிரித்து மனசுக்குள் படித்தாள். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அந்த நேரம் முழுக்க நான் தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"வாயால படி தாயி! வாயால படி!" என்று சவரி அண்ணன் கத்தினார்.

"காயம்... கால்ல. ஆஸ்பத்திரில சேத்திருக்காங்களாம்."

"உசுரு?"

"இருக்குண்ணா. இருக்கு."

அவர் திரும்பி நின்று, வரிசை முழுக்கக் கேட்கும்படி, "உசுரு கீது! உசுரு கீது!" என்று தொண்டை கம்மும் வரை கத்தினார். வீட்டுக்குள் ஒளிந்திருந்தவர்கள்கூட வெளியே வந்தார்கள். தந்திக்காரரும் அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் கணவர் முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லாமல் வந்தார். வாசல்படி தாண்ட மாட்டேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அந்த மௌனம் எனக்குத் தந்தியைவிடப் பயமாக இருந்தது. ஒருநாள் வேலிக்கு வெளியே அதே ஒப்பித்தல் ஆரம்பமானது. "என் பேரு சவரிமுத்து. அம்பத்தூர்ல கீறேன்..." என் கணவர் உள்ளேயிருந்து, "தெரியும்யா! ரேடியோவக் குடுத்ததே நான்தானே, வந்து தொலை!" என்று கத்தினார். வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவர் போட்ட முதல் சத்தம் அது. எழுந்து ஊன்றிக்கொண்டு போய், ரேடியோ மேலிருந்த துணியையும் அவரேதான் எடுத்தார்.

என் கணவருக்காகத் தன் பச்சை சைக்கிளை அறுத்து, இன்னொரு சக்கரம் பூட்டி, கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியாகச் செய்துகொண்டு வந்தார் சவரி அண்ணன். அதில்தான் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். பெயின்ட் உரிந்த இடத்தில் பழைய சிவப்பு தெரியும். "தந்தி வண்டியில சவாரி போற பட்டாளத்தான் நான் ஒருத்தன்தான்யா" என்று என் கணவர் பெருமையடிப்பார். சில வருடங்களுக்கு முன் அவரும் போய்விட்டார், என் மடியில், நல்ல சாவு. வண்டி இன்னும் பின்கட்டில் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்பத்தூர் போனேன். தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த குரல் கேட்டது. தெருமுனையிலேயே என் கால் நின்றுவிட்டது. இத்தனை வருடம் போயும் அந்தப் பயம் போகவில்லை பாருங்கள். எனக்கென்று அவர் விட்டுப்போனது ஒன்றே ஒன்றுதான். எட்ட நின்று, உள்ளே இருப்பவர்கள் பதறாதபடி, யார் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டு வருவது. அதைத்தான் செய்தேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும்.

"சவரி அண்ணே, தாமோதரன் சம்சாரம் செல்வி வரேன். தந்தி இல்லே!"

ஜெபம் நின்றது. உள்ளேயிருந்து ஆரோக்கியம் அக்கா, "வா தாயி" என்றாள்.