சமையல்காரரும் டிரைவரும் மாறிப்போன நாள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மழை தொடங்குவதற்கு முந்தைய புழுக்கமான ஜூன் முதல் வாரத்தில், மும்பையில் நான் வேலை பார்க்கும் ராணுவப் பண்டகசாலை அலுவலகத்தில் நடந்தது இது. நான் பட்டாளத்துக்காரி இல்லை. மாட்டுங்காவில் பிறந்து, செம்பூரில் வாழ்க்கைப்பட்டு, இருபத்தாறு வருடமாக ஹார்பர் லைன் ரயிலில் இடிபட்டு ஆபீஸ் போய்வரும் சாதாரண ஸ்டெனோ. வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஆனால் எழுத்தில் என்னைப்போலச் சுருக்கமாக எழுத ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு.

அந்தக் கர்வத்துக்குக் காரணம், வருடத்துக்கு ஒருமுறை வரும் மதிப்பீட்டு அறிக்கைகள். எங்கள் பிரிவில் முப்பத்திரண்டு ஜவான்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் எங்கள் அதிகாரி மேஜர் மேடம் ஒரு பக்கம் குறிப்பு எழுதிக் கொடுப்பார். படிவத்திலோ ஐந்து வரிக்குத்தான் இடம். அந்த ஒரு பக்கத்தை ஐந்து வரிக்குள் அடக்குவது என் வேலை. பத்து நாள் மண்டை காயும். பதவி உயர்வு பார்க்கிறவர்கள் அந்த ஆளை நேரில் பார்க்கப் போவதில்லை, இந்த ஐந்து வரியைத்தான் பார்ப்பார்கள்.

அந்த வருடம் எங்கள் கம்ப்யூட்டரில் ஏஐ வந்தது. வெளி இணையத்தோடு தொடர்பில்லாமல், அலுவலகத்துக்குள்ளேயே இயங்குகிற மாதிரி ஒன்று. பெயர், ஊர், தளவாட விவரம் எதையும் அதில் போடக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. நான்தான் உத்தரவு என்றால் ஒரு படி மேலே போகிற ஆளாயிற்றே! பெயரை எடுத்துவிட்டு ‘நபர் ஏழு’, ‘நபர் பதினேழு’ என்று எண் போட்டேன். ஊரை எடுத்தேன். எதற்கு வம்பு என்று லாரி, அடுப்பு, மழை, மலைப்பாதை எல்லாவற்றையும் எடுத்தேன். மிச்சமிருந்ததை உள்ளே போட்டால், வழவழவென்று ஐந்து வரி வந்து விழுந்தது. பத்து நாள் வேலை ஒரே மத்தியானத்தில் முடிந்துவிட்டது. மேஜர் மேடம் மறுநாள் ஆய்வுப் பயணத்துக்குக் கிளம்ப வேண்டிய அவசரத்தில் இருந்தார். மேலோட்டமாகப் படித்துவிட்டு முப்பத்திரண்டிலும் கையெழுத்துப் போட்டார். புடவையில் காலர் இருந்திருந்தால் தூக்கிவிட்டுக்கொண்டிருப்பேன்.

மறுநாள் ஆட்களைக் கூப்பிட்டு, அறிக்கையைக் காட்டி அவர்களிடமும் கையெழுத்து வாங்கி, மாலைக்குள் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். காலையில் எண்களைச் சரிபார்த்தேன். ஏழும் பதினேழும் மாறியிருந்தன. ஏழு, எங்கள் மெஸ் சமையல்காரர். பதினேழு, லாரி டிரைவர். சமையல்காரரின் படிவத்தில் டிரைவரின் ஐந்து வரி, டிரைவரின் படிவத்தில் சமையல்காரருடையது. கம்ப்யூட்டரில் எடுத்துப் படிவத்தில் ஒட்டும்போது என் கைதான் தவறியிருக்கிறது.

படித்துப் பார்த்தேன். ‘நெருக்கடியான சூழலில் நிதானம் இழக்காமல், இருக்கும் வசதிகளைக் கொண்டு கடமையைச் சிறப்பாக நிறைவேற்றினார்.’ சமையல்காரருக்கும் பொருந்தியது. டிரைவருக்கும் பொருந்தியது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். யாருக்கும் தெரியப்போவதில்லை, அப்படியே அனுப்பிவிடலாம் என்று படிவங்களை அடுக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

டீயை நீட்டியவர் அந்தச் சமையல்காரரேதான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நாயக் பதவியில் இருந்தார். பெண்டாட்டி பிள்ளைகள் தாராவியில் மச்சினன் வீட்டோடு இருக்கிறார்கள். அடுத்த படியான ஹவில்தார் ஆவதற்கு அதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு. ஆகாவிட்டால் அடுத்த வருடம் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

“யக்கா, ரிப்போட்டு இன்னைக்குப் போவுதாம்லா? ரெண்டு வருசம் கூடக் கெடச்சா மூத்தவ இங்கனயே பன்னண்டாவது முடிச்சிருவா. நடுவுல பள்ளிக்கூடத்த மாத்தினா பாவம், திணறிப் போவா. நல்லா எழுதிருக்கீயளா?”

“எழுதியிருக்கேன்ப்பா” என்றேன். சொல்லும்போதே அது பொய் என்று உறைத்தது.

ஏனென்றால், முந்தைய ஜூலையில் கொட்டிய மழையில் ரயில்கள் நின்று, வீடு போக முடியாமல் நாங்கள் எல்லாப் பிரிவுக்காரர்களும் பண்டகசாலையிலேயே மாட்டிக்கொண்டபோது, மெஸ்ஸுக்குள் முழங்கால் தண்ணீர். இந்த மனிதர் அடுப்பைத் தூக்கி மேஜைமேல் வைத்து, தண்ணீரில் நின்றபடியே அத்தனை பேருக்கும் கிச்சடி கிண்டிப் போட்டார். நானும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அந்தக் கிச்சடியைத்தான் ‘இருக்கும் வசதிகளைக் கொண்டு’ என்று ஆக்கி, அதையும் டிரைவர் தலையில் கட்டியிருக்கிறேன்! எனக்கு என்மேலேயே ஆத்திரம் பொங்கியது. டம்ளரை வைத்துவிட்டு நேராக மேஜர் மேடம் அறைக்குப் போனேன்.

அவர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், கோபக்காரர். மாறிவிட்டது என்று சொன்னதும், “என்ன இது? நான் கையெழுத்துப் போட்டாச்சு!” என்று ஹிந்தியில் சீறினார். இரண்டு படிவங்களையும் மேஜைமேல் வைத்து, பெயர் இருக்கும் மேல்பாதியை ஒரு தாளால் மறைத்து, “இதில் எது சமையல்காரருக்கு எழுதியது, சொல்லுங்கள் மேடம்” என்றேன். இரண்டையும் மாறி மாறிப் படித்துவிட்டு ஒன்றைத் தொட்டார். தப்பு. அது மலைப்பாதையில் பிரேக் போன லாரியை மண்மேட்டில் சாய்த்து, ஒருவருக்கும் கீறல் இல்லாமல் நிறுத்திய டிரைவருக்கு எழுதியது.

அவர் முகம் மாறிவிட்டது. “சப் வாபஸ் லாவோ” என்றார். முப்பத்திரண்டையும் திரும்பக் கொண்டுவா என்று அர்த்தம். ஆய்வுப் பயணத்தைத் தள்ளிப்போட்டு, மேலிடத்துக்குப் போன் போட்டு ஒரே ஒரு நாள் அவகாசம் வாங்கினார்.

ஒரு நாளில் முப்பத்திரண்டு. முடியாது என்று பக்கத்து சீட்டில் சொன்னார்கள். எனக்கு யாராவது முடியாது என்றால் போதும், வீம்பு வந்துவிடும். மேஜரின் குறிப்புகளை முதலிலிருந்து படித்தேன். சந்தேகம் வந்த இடங்களில் அவரவர் மேற்பார்வையாளருக்குப் போன் செய்து, “புகழாரம் வேண்டாம், இந்த வருடம் இவர் என்ன செய்தார், அதை மட்டும் சொல்லுங்கள்” என்று கேட்டேன். பெயரும் ஊரும் தளவாடமும் உத்தரவுப்படி வெளியே, செய்த காரியம் உள்ளே. அதே ஏஐயிடம் கொடுத்தேன். ஒரு விஷயம் விடாமல் அழகாகச் சுருக்கிக் கொடுத்தது. முதல் தடவை நான் எதையும் கொடுக்காததால்தான் அதுவும் எதையும் சொல்லவில்லை. இந்தத் தடவை வரிக்கு வரி குறிப்போடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் அச்செடுத்தேன். தோள்பட்டை இற்றுப்போய்விட்டது. மறுநாள் மத்தியானம் மேஜர் மேடம் ஒவ்வொன்றையும் நிறுத்திப் படித்துக் கையெழுத்துப் போட்டார்.

அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும், சமையல்காரருக்கு அது தட்டுத்தடுமாறித்தான் வரும். அவருடையதை நானே தமிழில் சொன்னேன். மழை, முழங்கால் தண்ணீர், மேஜைமேல் அடுப்பு, இருநூறு பேருக்குச் சாப்பாடு. கேட்டவருக்குக் கண் கலங்கியிருந்தது. பேனாவை எடுத்தவர் கையெழுத்துப் போடாமல் நிமிர்ந்தார்.

“யக்கா, எறநூறு இல்லக்கா. நூத்தியெம்பது தட்டுதான் போச்சு. நாந்தான எண்ணி வச்சேன். மாத்திருங்க.”

“மேடமே எழுதினதுப்பா. இருநூறுன்னா உனக்குத்தானே நல்லது?”

“அவியளுக்குத் தெரியாதுல்லா. எனக்குத் தெரியும்லா.”

பிள்ளையின் படிப்பு அந்தத் தாளில் தொங்கிக்கொண்டிருக்கிறது, இந்த மனுஷன் இருபது தட்டுக்காகப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்! அதே அறிக்கையோடு மறுபடியும் மேஜர் மேடத்திடம் போனேன். “அவரே சொன்னாரா?” என்று கேட்டுவிட்டு, திருத்திய தாளில் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகுதான் சமையல்காரர் கையெழுத்துப் போட்டார்.

குளிர்காலத்தில் அவர் தோளில் ஹவில்தாருக்கான மூன்றாவது பட்டை ஏறியது. பெரிய பெண் தாராவியிலிருந்தே பன்னிரண்டாவதை முடித்துவிட்டாள். அது என் ஐந்து வரியால் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன், அவருடைய இத்தனை வருட உழைப்பு அது. ஆனால், தனக்கே நஷ்டம் வந்தாலும் சரியென்று உண்மையைக் கேட்டு வாங்கிய அந்த மனிதரைப் பற்றி, அவர் கையால் சாப்பிட்ட நானே எதையும் சொல்லாத ஐந்து வரியை எழுதி, அதற்காகப் பெருமைப்பட்டும் திரிந்தேனே என்ற வெட்கம் இன்றுவரை எனக்குப் போகவில்லை, அது போகவே வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.