சுமைதாங்கியில் இறக்கிய வளையற்பெட்டி

பேய், பிசாசு என்று யாரேனும் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். சேலத்தில் பிள்ளைகளுக்கு இலக்கணம் கற்பித்துப் பிழைக்கிறேன்; சான்றில்லாத எதையும் ஏற்றுப் பழக்கமில்லை. ஆகவே இதைக் கேட்டு நீங்கள் உதட்டோரத்தில் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையே செய்திருப்பேன்.

அப்போது போர்க்காலம். பெட்ரோல் அருகிப்போய்ப் பேருந்துகள் அடுப்பில் கரியை எரித்து அந்தப் புகையில் ஓடின. நின்ற நேரம் போக நகர்ந்தன என்பதே பொருந்தும். என் மனைவி நாமக்கல்லில் தாய்வீட்டில் நிறைமாதமாக இருந்தாள். முதற்குழந்தை பிறந்த அன்றே எங்களை விட்டுப் போயிருந்தது. இம்முறை தானும் சேர்ந்து போய்விடுவோமோ என்ற அச்சம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"வளைகாப்புக்கு நீங்களே உங்க கையால சேலத்து வளையல் வாங்கிட்டு வந்துருங்க. நீங்க வந்துட்டாப் போதும், எனக்குப் பயமிருக்காதுங்க."

பேருந்தை நம்பி அந்த வாக்கைப் பணயம் வைக்க மனமில்லை. வளைகாப்புக்கு முந்திய நாள், பச்சையும் சிவப்புமாய்க் கண்ணாடி வளையல்கள் நிறைந்த பெட்டியைப் பழைய வேட்டியில் பொதிந்து, மிதிவண்டியின் கேரியரில் கட்டிக்கொண்டு, விடியலில் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து தனியே புறப்பட்டேன். முப்பது மைலுக்குச் சற்றே அதிகம். எதிர்காற்று, சாலையெங்கும் குண்டும் குழியும். ஒவ்வொரு குழியிலும் பின்னால் கலகலவென்று ஓசை எழும், ஒவ்வோர் ஓசைக்கும் என் உயிர் போய்வரும், இறங்கி முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறுவேன்.

இராசிபுரத்துக்குப் பிரியும் சாலையைக் கடந்தபோது உச்சிவேளை. புளியமர நிழலில் ஒரு சுமைதாங்கி இருந்தது: நட்ட இரண்டு கற்களின்மேல் தோளுயரத்தில் கிடத்திய ஒரு பலகைக்கல். பிள்ளை பெறுமுன்பே வயிற்றோடு இறந்துபோன பெண்ணுக்காக அவள் வீட்டார் வைப்பது அது. வழிப்போக்கர் தலைச்சுமையை அதில் இறக்குந்தோறும் அவளுடைய வயிற்றுப் பாரம் குறையும் என்பார்கள். நான் நீர் பருக நின்றேன். கல்லின் மறுபுறம் ஒரு பெண் அமர்ந்திருந்தாள். அவளும் நிறைமாதம். பேருந்துக்குக் காத்திருப்பவள் என்று எண்ணிக்கொண்டேன்.

"ஏனுங்க சாமி, பொட்டியக் கொஞ்சம் எறக்கி வெச்சுட்டுப் போலாமுங்களே?"

"சுமக்கறது சைக்கிளுதானேம்மா? நான் எதுக்கு எறக்கோணும்?"

"எல்லாரும் இதையேதான் சொல்லிட்டுப் போறாங்க. சைக்கிளு வந்தாலும் வந்துது, இந்தக் கல்லுமேல ஒரு பாரம் ஏறுதுங்களா?" என்று நொடித்துக்கொண்டாள்.

அவள் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முடிச்சவிழ்த்துப் பெட்டியைக் கல்லின்மேல் வைத்தேன். அவள் நெடுமூச்சொன்று விட்டாள். நெடுநாள் அடக்கிவைத்திருந்த மூச்சுப்போல.

"உள்ள என்னமோ கலகலங்குதுங்களே?"

"வளையலம்மா. ஊட்டுல வளைகாப்பு."

"என்னையக் கூப்பிடாமயே போறீங்களாக்கும்?"

வீட்டு விசேஷத்துக்கு வருகிறேன் என்கிற பெண்ணை வேண்டாமென்று எவன் சொல்வான்? "வாம்மா, தாராளமா வா. வர்றவங்களுக்கு வளையல் உண்டு. உனக்கு இப்பவே குடுத்துடறேன்" என்று இரண்டு சிவப்பு வளையல்களை எடுத்தேன். அயலாள் கையில் தருவது முறையன்று என்று கல்லின்மேல் வைத்தேன். எடுத்து அணிந்து, காதருகே கையை அசைத்துப் பார்த்துச் சிறுபிள்ளைபோல் மகிழ்ந்தாள்.

பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். திரும்பிப் பார்த்தாயா என்று கேட்காதவர்கள் இல்லை. பார்க்கவில்லை, அந்தச் சாலையில் பின்னால் பார்த்தால் முன்னால் விழவேண்டியதுதான்.

ஆனால் வண்டி கனத்தது. அதே பெட்டி, இரண்டு வளையல் குறைந்த பெட்டி. மிதிக்க மிதிக்கத் தொடை கடுத்தது. காற்றிறங்கிவிட்டதென்று எண்ணிப் புதுச்சத்திரத்தில் சைக்கிள் பழுதுபார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். அவர் பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அமுக்கினார்.

"காத்து கல்லாட்டம் இருக்குதுங்க. ரெண்டாளு ஏறுனா டயரு இப்படித்தான் அமுங்கும்."

என் தொந்தியைத்தான் இரண்டாம் ஆளாகக் கேலி செய்கிறார் என்று கொண்டு, சற்றே முறைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

நாமக்கல்லில் வீட்டு வாசலிலேயே மாமியார் அழுதுகொண்டு நின்றார். பகலிலேயே வலி கண்டுவிட்டதாம். குழந்தை குறுக்கே நிற்கிறது, தாயையாவது காப்பாற்ற முடிந்தால் பெரிது என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாளாம். வண்டியைச் சுவரில் சாய்த்தேன். கேரியர் கிறீச்சிட்டது, யாரோ இறங்கியதுபோல. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியின் முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினேன். கடைசி முடிச்சு அவிழ்வதற்குள் உள்ளே குழந்தையின் அழுகை கேட்டது.

பெண்குழந்தை. தாய்க்கும் ஊறில்லை. என்னை உள்ளே விட்டதும் மனைவி முதலில் கேட்டது இது:

"உங்ககூட வந்த அக்காளுக்குச் சோறு போட்டாங்களா?"

"எந்த அக்கா?"

"முழுகாம இருந்தாங்களே, அவங்கதாங்க. 'பாரத்த எம்மேல சாச்சுக்க கண்ணு'ன்னு முதுகத் தாங்கிட்டாங்க. கையி வெயில்ல கெடந்த கல்லாட்டம் சூடு. வளையலு காதுகிட்டயே கலகலன்னுச்சு."

அப்படி ஒருத்தி அறைக்குள் வரவே இல்லை என்று மருத்துவச்சி குழந்தையின் தலைமேல் கைவைக்காத குறையாகச் சொன்னாள். வலியின் மயக்கம் என்று நானும் சொல்லித் தீர்த்திருப்பேன். ஆனால் மறுநாள் வண்டியைத் துடைக்கும்போது கண்டேன்: கேரியரின் இரும்புக் கம்பிகள் நடுவில் கீழ்நோக்கி வளைந்திருந்தன. கண்ணாடி வளையல்களா அதைச் செய்யும்?

கம்பியை நிமிர்த்த என் மனைவி இன்றுவரை விடவில்லை. "அந்த அக்கா உக்காந்த எடமுங்க. இருந்துட்டுப் போகட்டும்" என்கிறாள். நாமக்கல் போகும்போதெல்லாம் நானும் அந்தக் கல்லில் எதையாவது இறக்கி வைத்து எடுக்கிறேன். அவளை அங்கே மறுபடி கண்டதில்லை.

மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். அவளிடம் இக்கதையை நாங்கள் சொன்னதில்லை. கேரியரில் ஏற்றினால் ஒரு விளிம்பில் ஒட்டிக்கொண்டுதான் அமர்வாள். விழுந்துவிடப் போகிறாள் என்று பதறி, சென்ற வாரங்கூட, "நடுவுல நகர்ந்து உக்காரு கண்ணு" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"எடமில்லீங்கப்பா."