மெர்பாவ் கட்டில்

மலாயாவின் தங்காக் ஊர்க் கடைத்தெருவில் தச்சன் செல்லப்பனை யாரும் நிதானத்தில் பார்த்ததில்லை. குடியெல்லாம் கிடையாது, மனுஷன் கள்ளுக்கடைப் பக்கமே போகாதவன். ஒரு பலகையைத் தட்டி, நல்ல சத்தம் வந்துவிட்டால் போதும், அன்று முழுக்கத் தரையில் கால் பாவாது. நாற்காலி, அலமாரி என்று அவன் பட்டறையில் செய்வதெல்லாம் ரங்கூன் தேக்கில்தான். இந்த லட்சணத்தில் காதலும் வந்து சேர்ந்தால் கேட்கவா வேண்டும்?

சாப்பாட்டுக்கடை கிருஷ்ணம்மாவின் மகள் சந்திரமதியைப் பெண் கேட்டுப் போனான். கிருஷ்ணம்மா மறுக்கவில்லை. மாப்பிள்ளை தன் கையால் ஒரு தேக்குக் கட்டில் செய்துகொண்டு வரவேண்டும் என்று மட்டும் சொன்னாள். இவ்வளவுதானா என்று துள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

அது 1917. மரக்கடை நஜ்முதீன் கையை விரித்துவிட்டார். சீமையில் சண்டை, கப்பலெல்லாம் அங்கே போய்விட்டது, தேக்கு இப்போதைக்கு வராது என்றார். தை பிறந்தால் கல்யாணம். செல்லப்பன் மரக்கடையையே சல்லடை போட்டுச் சலித்தான். மூலையில் லேடாங் மலைக்காட்டு மெர்பாவ் பலகைகள் கிடந்தன. ஒன்றை இழைத்துப் பார்த்தான். உள்ளே செம்பழுப்பாக மின்னியது. அவ்வளவுதான், தலைகால் புரியவில்லை. இழைப்புளியைக்கூடக் கீழே வைக்காமல் கிருஷ்ணம்மாவிடம் ஓடினான்.

"தேக்கு வேணாம் அத்தை. நம்ம ஊரு மரமே கிடைச்சிருச்சு. இதைக் கடிச்சா கரையானுக்குத்தான் பல்லு போகும்."

கிருஷ்ணம்மா அசையவில்லை. கொண்டு வா, பார்க்கிறேன். பிடிக்காவிட்டால் தேக்குக் கப்பல் வரும்வரை கல்யாணப் பேச்சே கிடையாது என்றாள்.

அவன் கட்டிலைச் செய்து முடித்து, அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்த்தான். துண்டு மரத்தைக் கரையான் புற்றில் செருகிப் பார்த்தான். தண்ணீர் ஊற்றிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. தேக்கோடே பிழைத்தவனுக்கு அது எங்கே தோன்றப்போகிறது? பாலிஷ் பூசவும் பொறுமையில்லாமல், மாட்டுவண்டியில் கட்டிலை ஏற்றிப் பாடிக்கொண்டே போய் இறங்கினான்.

கடைவாசலில் கூட்டம் கூடிவிட்டது. கிருஷ்ணம்மா கட்டிலைத் தடவிப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. புதுச்சாமான் வீட்டுக்குள் போகுமுன் கழுவ வேண்டுமே என்று, ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அப்படியே கவிழ்த்தாள். கொஞ்ச நேரத்தில் கட்டில் கால்வழியே சிவப்பாக இறங்கி வாசலெல்லாம் ஓடியது.

"கட்டில் ரத்தம் விடுதே" என்றாள் ஒருத்தி. கூட்டம் பின்வாங்கியது. கிருஷ்ணம்மா முகம் வெளுத்துவிட்டது. மரத்தின் சாயம்தான் என்று சொல்லிச் செல்லப்பன் துண்டால் துடைத்தான், துடைக்கத் துடைக்கச் சிவப்பு வந்தது. கல்யாணம் போயிற்று என்றே நினைத்தான்.

சந்திரமதி உள்ளேயிருந்து ஒரு தாம்பாளத்தோடு வந்தாள். கட்டில் காலடியில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரைப் பிடித்தாள்.

"ஆலாத்தி நாமதாம்மா கரைக்கணும். இது தானே கரைச்சுக் குடுக்குது லா."

சொன்னவள் எழுந்து, செல்லப்பனுக்கும் கட்டிலுக்கும் சேர்த்துத் தாம்பாளத்தை மூன்று சுற்றுச் சுற்றினாள். முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. கிருஷ்ணம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, உள்ளே தூக்குங்கள் என்று கையைக் காட்டினாள்.

சந்திரமதி தாம்பாளத்தில் விரலைத் தொட்டு அவன் நெற்றியில் பொட்டு வைத்தாள். அம்மா வேண்டாமென்று சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன் என்று அவன் காதுக்கு மட்டும் சொன்னாள். தேக்கா மெர்பாவா என்று மண்டையை உடைத்துக்கொண்டவனுக்கு, தன்னை ஒருத்தி எப்போதோ தேர்ந்தெடுத்துவிட்டாள் என்பது அப்போதுதான் உறைத்தது. நடுத்தெருவில் நின்று சந்தோஷத்தில் அழுதான்.