துணிக்கடைக்குள் நிலக்கரி

நிலக்கரியில் சாம்பலும் ஈரமும் கூடும்போது வெப்பம் எப்படிக் குறைகிறது என்பதைப் புள்ளிவிவரத்தால் காட்டுவதே என் பல்கலைக்கழக ஆய்வு. இணையவழி வாய்மொழித் தேர்வு நாளில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அடைமழை. கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. மடிக்கணினியோடு பஸ் ஏறி பலாங்கொடைக்கு வந்து, கண்ணில் பட்ட துணிக்கடைக்குள் நுழைந்தேன்.

"நானா, பரீட்சை இருக்குங்க. கொஞ்சம் கரண்டும் வைஃபையும் தருவீங்களா?" என்று முஸ்லிம் கடைக்காரரிடம் கேட்கும்போதே அழுதுவிட்டேன்.

நோன்புப் பெருநாள் வியாபாரம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் கடைக்காரர் தன் மேசையைக் காலி செய்து கொடுத்தார்.

"அழ வாணாம் தங்கச்சி. என்ன பாடம்ண்டு எனக்குச் சொல்லிப் பாருங்க."

"சாம்பல் கூடுன நிலக்கரி சூடு கம்மியா தருங்க. ஆனா ஈரத்தையும் சேர்த்துப் பார்த்தாத்தான் கணக்கு சரியா வரும்."

"அப்ப சாம்பல மட்டும் பாத்து வெல பேசேலாது?"

"ஆமாங்க!" என்று சிரித்தேன். மடிக்கணினியைத் திறந்தேன். அவர் வாடிக்கையாளர்களிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லி, எல்லாரையும் வெளியே அனுப்பி ஷட்டரை இறக்கினார்.

கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொன்னேன். முடிந்து ஷட்டரைத் தூக்கியபோது, வாசலில் அத்தனை பேரும் குடைபிடித்துக் காத்திருந்தார்கள். ஒருவர் முகத்திலும் கோபமில்லை.

பட்டச் சான்றிதழில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடைகள்தான் தெரிகின்றன.