வளைவுக்கு முன் ஒரு கூவல்

ஸ்டுட்கார்ட்டில் ஒருவர் தலைதெறிக்க ஓடிவந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வந்த புதிதில் எனக்கு விளங்காமல் போன முதல் விஷயம் இதுதான். குளிரைப் பற்றி, மொழியைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றியெல்லாம் எச்சரித்து அனுப்பியவர்கள் இதைச் சொல்லவில்லை. விடுதி ஜன்னலுக்குக் கீழே பூங்கா. காலையில் பல் துலக்கிக்கொண்டே பார்ப்பேன். தலை முழுக்க நரைத்த அம்மாள் ஒருவர் ஓடுகிறார். குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டே ஓர் அப்பா ஓடுகிறார், கூடவே நாயும் ஓடுகிறது. எதையும் பிடிக்கப் போகவில்லை, எதனிடமிருந்தும் தப்பிக்கவும் இல்லை. குளத்தைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட மரத்தடிக்கே வந்து, அந்த மரத்தை இரண்டு கையாலும் தள்ளுவதுபோல நின்று, காலை நீட்டி மடக்குகிறார்கள். மரம் அப்படியே நிற்கிறது. எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

எங்கள் கொல்லிமலையில் ஓட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தே ஆகவேண்டும். பஸ் கிளம்பியிருக்கும், தேன்கூடு கலைந்திருக்கும், இல்லையென்றால் யாருக்கோ முடியாமல் போயிருக்கும். நாமக்கல்லில் படித்த காலத்தில் ஒருநாள் சேந்தமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க மலையில் எங்கள் பகுதியான ஆலத்தூர் நாட்டுக் காட்டுப்பாதையில் ஓடினேன். ஏணியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்த அத்தை ஒருத்தி, "ஏன் சாமி, ஊட்ல ஏதாச்சுமா?" என்று கேட்டாள். மூச்சு வாங்கியதில் பதில் சொல்லாமல் போய்விட்டேன். சாயங்காலம் திரும்பி வந்தால், துக்கம் கேட்க வந்தவர்கள் எங்கள் வாசலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். காபி ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட என் அப்பா.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவள் காரணமில்லாமல் ஓடப் பழகினேன். ஸ்டுட்கார்ட் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கும் நகரம். சுற்றிலும் மேடு, மேட்டின் மேல் காடு. பூங்காவில் தொடங்கி, வாத்துக்குளம் தாண்டி, டிராம் தண்டவாளத்தைக் கடந்து, வேலிபோட்ட சின்னச் சின்னத் தோட்டங்களின் நடுவே ஏறினால், வீடுகள் முடிகிற இடத்தில் காடு ஆரம்பித்துவிடும். அங்கே ஒரு பலகை நின்று, இங்கிருந்து காடு என்று அறிவிக்கும். மரங்களில் மஞ்சளும் நீலமுமாகக் கட்டம் வரைந்து, எந்தப் பாதை எங்கே போகிறது என்று எழுதியிருப்பார்கள். இவ்வளவு பேசுகிற காட்டை நான் பார்த்ததே இல்லை. முதல் ஏற்றத்திலேயே ஒன்று தெரிந்தது. விடுதியிலிருந்து கூட ஓடுகிறவர்கள் மேட்டைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கோ அங்கேதான் பேச்சு வரும். வகுப்பிலும் அலுவலகத்திலும் வார்த்தை தேடித் திணறுகிற நான், அந்த ஏற்றத்தில் மட்டும் ஜெர்மன் மொழியை அருவி மாதிரிக் கொட்டுவேன். அவர்களுக்குப் பதில் பேச மூச்சு இருக்காது. என் இலக்கணத்தைத் திருத்தவும்தான்.

வேலை கிடைத்த பிறகு எங்கள் பேட்டையின் லாஃப்ட்ரெஃப் ஒன்றில் சேர்ந்தேன். ஞாயிறு காலையில் கூடி ஓடுகிற குழுவுக்கு இங்கே அதுதான் பெயர். நடத்தியவர் பிர்கிட் என்ற பள்ளி ஆசிரியை. முன்னால் அவர் ஓடுவார், பின்னால் நாங்கள். முன்னால் ஓடுகிறவர்தான் வழியையும் வேகத்தையும் முடிவு செய்வார், எங்கே நின்று தண்ணீர் குடிப்பது என்பதையும்கூட. ஒரு வசந்தத்தில் பிர்கிட்டுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை என்று ஆனது. அந்தக் கோடை முழுக்கக் குழுவை யார் கூட்டிப் போவது என்ற பேச்சு வந்தபோது நான் கை தூக்கினேன். எனக்கு அது வேண்டும். இந்த நாட்டில் அதுவரை எல்லா இடத்திலும் நான் யார் பின்னாலோதான் போய்க்கொண்டிருந்தேன். வங்கியிலும் வீசா அலுவலகத்திலும் வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர் செய்வதைப் பார்த்துத்தான் நானும் செய்வேன். காட்டில் மட்டும் அப்படி இல்லை. இரண்டு பூங்காக்களையும் மேட்டுக் காட்டையும் இணைத்து, யாரும் போகாத ஒற்றையடிப் பாதை வழியாக முகட்டுக்கு ஏறும் ஒரு தடத்தை நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன். "ஒரு ஞாயிறு கூட்டிப் போ, பார்க்கலாம்," என்றார் பிர்கிட்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் மலைப்பாதையில் வளைவு வந்தால் குரல் கொடுப்போம். "ஊ...ஹோய்!" எதிரே குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி மூட்டையோ வாழைத்தாரோ சுமந்துகொண்டு ஆள் வரலாம். தலையில் சுமை இருப்பவர் சட்டென்று நிற்கவோ விலகவோ முடியாது. குரலுக்குக் குரல் வந்தால், வெறுங்கையாக இருப்பவர் ஓரம் ஒதுங்கி நிற்பார். ஆளில்லாமல் பன்றியோ கரடியோ இருந்தாலும் அதுவும் விலகிப்போக நேரம் கிடைக்கும். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தருவதில்லை. நடக்கத் தெரிந்தால் கூவத் தெரியும், அவ்வளவுதான்.

ஆகவே அந்த ஞாயிறு, குழுவை இழுத்துக்கொண்டு என் ஒற்றையடிப் பாதையில் ஏறியபோது, ஒவ்வொரு வளைவிலும் கூவினேன். கூவுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. பின்னால் இருந்தவர்கள் இந்தியப் பாணி உற்சாகமூட்டல் என்று நினைத்துக் கைதட்டியிருக்கிறார்கள். முகட்டுக்குச் சற்று முன் மரங்களுக்கு நடுவே பரண் போன்ற ஒன்றிலிருந்து, பச்சைத் தொப்பியும் துப்பாக்கியுமாக ஒரு வேட்டைக்காரர் ஏணி வழியாக இறங்கி வந்தார். விடிவதற்கு முன்பிருந்தே அங்கே உட்கார்ந்திருப்பார் போல.

"யாருக்கு அடிபட்டது?" என்று பதறிக் கேட்டார்.

"யாருக்கும் இல்லையே."

"அப்புறம் எதற்கு அந்தக் கூச்சல்?"

எனக்குப் பெருமை. எங்கள் மலையின் நாகரிகத்தை விளக்க ஒரு வாய்ப்பு. "விலங்குகள் விலகிப்போக நேரம் கொடுக்கத்தான்," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "போய்விட்டன, அம்மணி. எல்லாமே போய்விட்டன."

குழு முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். அன்று மாலை பிர்கிட் கூப்பிட்டபோதுதான் சிரிப்பு நின்றது. அந்த மனிதர் அவருக்குப் பழக்கமானவராம், புகார் வந்திருக்கிறது. இந்த ஊரில் ரூஹெ, அதாவது அமைதி, ஒரு சொத்து மாதிரி. காட்டுக்கு மக்கள் போவதே அதற்காகத்தான். பிர்கிட் சுற்றி வளைக்கவில்லை. "உன் தடம் அருமை. கோடை முழுக்க நீயே கூட்டிப் போகலாம். ஆனால் சத்தம் கூடாது. முடியுமா, யோசித்துச் சொல்."

யோசித்தேன். கோபமும் வந்தது. என் காலும் மூச்சும் வேண்டும், தொண்டை மட்டும் வேண்டாமா என்று சண்டை போடத் தோன்றியது. ஆனால் நியாயமாகப் பார்த்தால், அந்தப் பாதையில் யாரும் தலைச்சுமையோடு வரப்போவதில்லை. கரடியும் இல்லை. பரணில் உட்கார்ந்திருந்தவருக்கும் அவர் காட்டின் பழக்கம்தான் பெரிது, எனக்கு என் காட்டின் பழக்கம் பெரிதாக இருப்பதுபோல. முடியும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, முடியவில்லை என்று. வேலை முடிந்து மாலைகளில் தனியாகப் போய்ப் பழகினேன். வளைவு வந்ததும் தொண்டை தானாகத் திறக்கும். பல்லைக் கடித்துக்கொள்வேன், மூக்கு வழியாக ஏதோ வரும். ஒரு நாய் நின்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. கடைசியில் ஒரு வழி கிடைத்தது. கூவ வருகிறபோது வலக்கையைத் தலைக்குமேல் தூக்கிவிடுவது. குரல் போகவேண்டிய பாதையைக் கைக்குத் திருப்பிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை மேலே போனால் குழு வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் ஒதுங்கும், வளைவு தாண்டியதும் கை இறங்கும்.

அந்தக் கோடையை நான் மறக்கமாட்டேன். பூங்காவில் ரோஜாப் பாத்திகளின் ஓரமாகக் கிளம்பி, பீச் என்கிற காட்டுமரங்களின் பச்சை வெளிச்சத்துக்குள் நுழைந்து, முகட்டில் ஏறி நின்று கீழே கிண்ணத்துக்குள் நகரத்தைப் பார்ப்போம். வியர்த்து விறுவிறுத்து நிற்கிற இத்தனை ஜெர்மன்காரர்களையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தது கொல்லிமலைக்காரி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். குழுவில் ஒரு குறும்புக்காரன், நான் கை தூக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து ரகசியக் குரலில் "ஊஹோய்" என்பான். பிர்கிட் முழங்கால் தேறி வந்தபோது முன்னால் போய் நிற்கவில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்று, "போகலாம்," என்றார். அந்த இடம் இப்போது என்னுடையது.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். முதல் காலையே ஷூவைக் கட்டிக்கொண்டு வாசலூர்பட்டி ஏரிப்பக்கம் போகும் காட்டுப்பாதையில் இறங்கினேன். மிளகுக்கொடி ஏறிய மரங்கள், பனி சொட்டும் காப்பிச் செடிகள், ஒரு பலகையும் இல்லாத காடு. கால் பறந்தது. வழியில் ஒரு வளைவு. வலக்கையைத் தூக்கினேன், ஓரம் ஒதுங்கினேன், ஓசையில்லாமல் திரும்பினேன். எதிரே தலையில் மூட்டையோடு தங்கராசு மாமா. எங்கள் வீட்டுக்கு மேல்காட்டுக்காரர், அப்பாவின் சிநேகிதர். இரண்டு பேரும் ஒரே பக்கம் விலகினோம், திரும்பவும் ஒரே பக்கம் விலகினோம். மூட்டை சரிந்தது. வாய் அவிழ்ந்து, குச்சிக்கிழங்கு அத்தனையும் சரிவில் உருண்டு புதருக்குள் போனது.

மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். முதலில் ஷூவை, அப்புறம் முகத்தை.

"ஏங்கண்ணு, வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கே?"

"மறந்துட்டனுங்க மாமா."

"சத்தமில்லாம வர்றது டூரிஸ்டுங்க மட்டுந்தான். ஏரியில போட் ஏறப் போற கூட்டம் வழி தவறி வந்துருச்சாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன்."

ஜெர்மனியில் புகார் வந்தபோதுகூட எனக்கு இவ்வளவு சுருக்கென்று தைக்கவில்லை. அங்கே நான் அதிகமாகச் சத்தம் போட்ட வெளியூர்க்காரி. இங்கே சத்தமே போடாத வெளியூர்க்காரி. புதருக்குள் இறங்கி ஒவ்வொரு கிழங்காகப் பொறுக்கினேன். மாமா மேலே நின்று, அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று கைகாட்டினார். மூட்டையைக் கட்டியதும் அவர் தூக்கப் போனார். நான் விடவில்லை. அவருடைய துண்டை வாங்கிச் சும்மாடு சுற்றி, மூட்டையை என் தலையில் ஏற்றச் சொன்னேன்.

"தூக்கிருவியா? அங்க கம்ப்யூட்டர் முன்னால குந்திக்கிட்டு இருக்கறவ."

"ஏத்துங்க மாமா, பாக்கலாம்."

ஏற்றினார். கழுத்து ஒருமுறை நடுங்கியது, அப்புறம் நிலைத்துவிட்டது. மேட்டில் நான் முன்னால், அவர் பின்னால். வழக்கம்போல ஏற்றத்தில் எனக்குப் பேச்சு வந்தது. ஸ்டுட்கார்ட்டில் ஒரு கூட்டத்தையே முன்னால் நின்று நடத்துகிறேன் என்பதை மாமாவிடம் சொல்லிக்கொண்டே போனேன். வேட்டைக்காரர் கதை வந்ததும் நின்று சிரித்தார். அடுத்த வளைவு நெருங்கியது.

"அங்க என்ன சட்டமோ எனக்குத் தெரியாது," என்றார் பின்னாலிருந்து. "இங்க முன்னால போறவதான் கொரல் குடுக்கோணும்."

கொடுத்தேன். "ஊ...ஹோய்!" இத்தனை மாதம் அடைத்துக் கிடந்தது மொத்தமும் மலை அதிர வெளியே வந்தது. வளைவுக்கு அப்பாலிருந்து யாரோ ஒரு பெண், "வாங்க, நிக்கறேன்," என்று பதில் கூவினாள்.

"அது சரி, கைய எதுக்குத் தூக்கறே? பஸ்ஸையா நிறுத்தற?"

அப்போதுதான் பார்த்தேன். இடக்கை மூட்டையைப் பிடித்திருந்தது, வலக்கை தானாக மேலே போயிருந்தது. குரல் வளைவைத் தாண்டிப் போய் அந்தப் பெண்ணிடம் சேர்ந்துவிட்டது. கையை மட்டும் உடனே இறக்க மனம் வரவில்லை. எனக்குப் பின்னால் ஒரே ஒரு மாமாதான் வந்துகொண்டிருந்தார். ஆனாலும் இன்னொரு காட்டில் என் கையைப் பார்த்து ஓடுகிறவர்கள் அத்தனை பேரும் அந்த மேட்டில் மூச்சிரைக்க என் பின்னால் ஏறிவருவதுபோல, வளைவு முடியும்வரை அதைத் தூக்கியபடியே நடந்தேன்.