அத்திப்பட்டில் எழுப்ப வேண்டிய பெண்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து அங்கேயே குடிபோன என் கல்லூரித் தோழி, ஒரு வருடமாக அழைத்துக்கொண்டே இருந்தாள். இந்தத் தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஒருவழியாகப் போய் அவள் வீட்டில் தங்கினேன். மறுநாள் காலை அங்கிருந்து திருவள்ளூர் பெருமாள் கோயிலுக்குப் போவதாகத் திட்டம்.

ஊத்துக்கோட்டை வழியாகப் பேருந்தில் போகலாம். நான் மின்சார ரயிலைத் தேர்ந்தெடுத்தேன். பேசின் பிரிட்ஜ் வரை தெற்கே வந்து, வண்டி மாறி மேற்கே போக வேண்டும். சுற்றுவழிதான். ஆனால் டிக்கெட் இருபது ரூபாய், கூட்டமில்லாத நாளில் ஜன்னல் ஓரமும் கிடைக்கும். (சனிக்கிழமை காலை கூட்டம் இருக்காது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.)

ஆறே முக்கால் வண்டியின் பெண்கள் பெட்டியில் பாதிப் பேர் இரவு ஷிப்ட் முடித்தவர்கள். ஒரே நீல நிறக் கோட்டு, முகத்தை மூடிய துப்பட்டா, உட்கார்ந்ததும் தூக்கம். தூங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரிடம் தங்கள் ஊரைச் சொன்னார்கள். "மீஞ்சூரு." "அனுப்பம்பட்டு." அவ்வளவுதான். கேட்டவர் தலையாட்டினார். எழுப்ப வேண்டியவர் முன்னதாக இறங்க நேர்ந்தால், அந்தப் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார். தெரிந்தவர், தெரியாதவர் என்ற கணக்கெல்லாம் இல்லை.

எனக்கும் ஒரு பங்கு வந்தது. எதிரில் இருந்த பெண் பொன்னேரியில் எழுந்துகொண்டே கேட்டார்.

"அக்கா, நீ எது வரிக்கும் போற?"

"பேசின் பிரிட்ஜ்."

"அப்போ நீதான் கடைசி. இத பாரு, ஜன்னலாண்ட குந்திக்கினு இருக்குதே, அது நந்தியம்பாக்கம். பக்கத்துல இருக்கறது அத்திப்பட்டு. மறக்காம எழுப்பி வுட்டுடு."

பெருமையாகத்தான் இருந்தது. அனுப்பம்பட்டு தாண்டியதும் வயல்களின் மேல் பனி நிற்பதைப் பார்த்து, போனை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனேன். நாலைந்து படம் எடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நந்தியம்பாக்கம் வந்ததும் ஜன்னல் ஓரத்துப் பெண்ணின் தோளைத் தட்டி, "எழுந்திருங்க, ஸ்டேஷன் வந்துடுச்சு" என்றேன். அவர் பையை எடுத்தார், கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல் இறங்கினார். வண்டி கிளம்பியது.

அந்தச் சத்தத்தில் மற்றவர் துப்பட்டாவை விலக்கினார்.

"நந்தியம்பாக்கம் பூடுச்சா?"

நான் கதவுப் பக்கம் நின்ற நேரத்தில், முகத்தில் வெயில் அடிக்கிறது என்று இருவரும் இடம் மாறியிருக்கிறார்கள். இறங்கிப் போனவர்தான் அத்திப்பட்டு.

"அய்யய்யோ, எஸ்தரை இறக்கி வுட்டுட்டியாக்கா! அவ ஊட்டுக்காரரு கொயந்தைய எடுத்துக்கினு ஸ்டேஷன் வாசல்ல நிப்பாரே!"

பேசியவர் தேவி. எஸ்தரும் அவரும் ஒரே கம்பெனி. எஸ்தரின் கணவர் அனல் மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. எஸ்தர் ரயிலை விட்டு இறங்கியதும் கணவர் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அப்படியே பைக்கில் வேலைக்குப் போய்விடுவார். தினமும் அப்படித்தானாம். போன வாரம் ஒரு நாள் தாமதமாகப் போனதற்கு, இன்னொரு தடவை இப்படி வந்தால் வேலைக்கே வர வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார்.

தேவி அதற்குள் போனில் இருந்தார். "இன்னாடி, எங்க நிக்கிற? ... ஆமா, நந்தியம்பாக்கந்தான், போர்டைப் பாரு. ... அழுவாத. ஆட்டோ கிடைக்குதா? ... இல்லன்னா அடுத்த வண்டில வா. நான் இறங்கி கொயந்தைய வாங்கிக்கறேன். நீ உன் ஊட்டுக்காரருக்குப் போன் போட்டு என்னப் பத்திச் சொல்லு."

பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்தவர் அவர். அவருடைய வீடு பின்னால் போய்க்கொண்டிருந்தது. "நானும் இறங்குறேன்" என்றேன். "வா, வந்து பையாவது தூக்கு" என்றார்.

அத்திப்பட்டு ஸ்டேஷன் வாசலில் பைக்கை அணைக்காமல் ஒருவர் நின்றிருந்தார். முன்னால் இரண்டு வயதுப் பெண் குழந்தை, கையில் பாதி பிஸ்கட். போன் காதில் இருந்தது; மனைவி சொல்வதைக் கேட்டுக்கொண்டே எங்களை மேலும் கீழும் பார்த்தார். முன்பின் பார்த்திராத பெண்ணிடம் பிள்ளையைக் கொடுக்க யாருக்குத்தான் கை வரும்? தேவி தன் அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"எஸ்தர் கம்பெனிதாண்ணா நானும். நீ கெளம்பு. அங்க கேட்டை மூடிடுவான்."

"அவ வர்ற வரிக்கும் இங்கியே இருப்பியாம்மா?"

"இங்கியேதான். எங்கியும் போவ மாட்டேன்."

குழந்தை வீறிட்டது. "அழாத கண்ணு, அம்மா வந்துகினே கீது" என்று சொல்லிவிட்டு, அவர் திரும்பிப் பார்த்துப் பார்த்தே போனார்.

நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். தேவி அட்டையைக் கயிற்றோடு குழந்தையிடம் விளையாடக் கொடுத்தார். அழுகை நின்றது. கொஞ்ச நேரத்தில் தேவியின் தலை சாய ஆரம்பித்தது. குழந்தையை என் மடிக்கு மாற்றினார்.

"அக்கா, எஸ்தர் வந்தா எழுப்பு. வேற யாராச்சும் வந்தா எழுப்பிடாத."

சொல்லிவிட்டு, சற்று முன் ஆளை மாற்றி எழுப்பிய என்னை நம்பித் தூங்கிவிட்டார். நான் தண்டவாளத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எஸ்தர் அடுத்த வண்டியில் வந்து குழந்தையை வாரிக்கொண்டார். கணவர் நேரத்துக்குள் உள்ளே போய்விட்டதாகப் போன் வந்ததாம். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"பேஜாராத்தான் பூடுச்சுக்கா, இல்லன்னு சொல்லல. எழுப்புனா எறங்கிடுவேன், எந்த ஊருன்னு பாக்கற பழக்கமே இல்ல. இனிமேட்டு மூஞ்சியப் பாத்து எழுப்பு." பிறகு தேவியைத் தட்டினார். "ஏய், எழுந்துரு. உன் ஊடு அந்தாண்ட கீது."

நான் திருவள்ளூர் சேர்ந்தபோது மணி பத்தரை. நிலையத்திலிருந்து கோயிலுக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். உச்சிவேளையில் நடை சாத்துவார்கள், அதற்குள் போய்விடுங்கள். குளக்கரையில் உட்கார்ந்திருந்தபோது காலையில் நடந்ததையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறந்தநாளுக்கு அன்னதானம், வெள்ளம் வந்தால் போர்வை என்று, பரிவை நாள் பார்த்துச் செய்துவந்தவள் நான். அந்தப் பெட்டியில் அது தினமும் கைமாறிக்கொண்டிருக்கிறது. யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, நன்றிகூடச் சொல்வதில்லை. ஒருவர் பிசகினால் இன்னொருவர் இறங்கி நின்று சரிசெய்கிறார்.

அந்தக் காலை வண்டியில் போகிறவர்களுக்கு: கடலோரச் சூரியன் இடது பக்க ஜன்னலில் அடிக்கும், எனவே வலது பக்கம் உட்காருங்கள். வெகுதூரம் போகிறவர் என்று தெரிந்தால் யாராவது உங்களிடம் தங்கள் ஊரைச் சொல்லிவிட்டுத் தூங்குவார்கள். தலையாட்டுவதற்கு முன் அவர்கள் பெயரையும் கேட்டு வையுங்கள். நந்தியம்பாக்கத்தில் நான் "தேவி" என்று கூப்பிட்டிருந்தால், எஸ்தர் இன்னும் நான்கு நிமிடம் தூங்கியிருப்பார்.