பதினைந்து தட்டல்கள்

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. கம்ப்யூட்டர் வந்த புதிது. அந்தக் கால மெஷினுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் தெரியும். பிரிண்ட் எடுக்க ஆரம்பித்துவிட்டால், தலை போகிற காரியமானாலும் காதில் போட்டுக்கொள்ளாது. நடுவில் கீபோர்டைத் தட்டினால் பதினைந்து தட்டல் வரை ஞாபகம் வைத்திருக்கும். பிரிண்ட் முடிந்த பிறகுதான் அதைத் திரையில் காட்டும். அதற்கு மேல் தட்டினால் 'பீப்' என்று கத்தும். அவ்வளவுதான் அதன் புத்தி.

மூன்றாவது மாடியில் என் மனைவி. தொண்டையில் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். பேச முடியாது. மூன்று மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

மணி 2.40. நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"மூணு மணிக்குள்ள மருந்து லிஸ்ட் வேணும் சார்."

"வந்துரும்மா."

பிரிண்ட் கொடுத்தேன். அறுபது பக்கம். கர்ர்ர்... கர்ர்ர்...

2.43. பீப்.

கீபோர்டின் மேல் பிளாஸ்டிக் உறை மூடியிருந்தது. அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. "சனியன், இதுக்கு வேற வேலையில்ல" என்று திட்டினேன்.

பீப்... பீப்...

உறையை எடுத்துப் பார்த்தேன். ஒரு கட்டைகூட அசையவில்லை. சத்தம் மட்டும் விட்டுவிட்டு வந்தது, யாரோ கெஞ்சுவது போல.

2.51. கீபோர்டின் ஒயரைப் பிடுங்கினேன்.

பீப்.

ஒயர் என் கையில் இருந்தது... மெஷினை அணைத்தால் லிஸ்ட்டை முதலிலிருந்து எடுக்க வேண்டும். பயத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

2.55. சத்தம் நின்றது.

2.58. பிரிண்ட் முடிந்தது. திரையில் வந்தது...

17 17 17 17 17

ஒவ்வொரு 17-க்குப் பின்னும் ஒரு இடைவெளி. ஐந்து முறை, மொத்தம் பதினைந்து தட்டல்.

பதினேழு, என் மனைவியின் கட்டில் எண்.

ஓடினேன். படியில் விழுந்து, எழுந்து ஓடினேன்.

டாக்டர் அவள் கையைக் கீழே வைத்தார்.

"தையல் விட்டு, ரத்தம் மூச்சுக்குழாய்க்குள்ள போயிடுச்சு. அஞ்சு நிமிஷம் முன்னாடி யாராவது பார்த்திருந்தா..."

அந்த ஐந்து நிமிடமும் நான் கீழே கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

நர்ஸ் அழுதார். "எங்களைக் கூப்பிடுற பெல் சுவிட்சு மேல விரலை வெச்சபடியே இருந்தாங்க சார். எங்க யாருக்கும் சத்தமே கேக்கல."

அடுத்த வாரம் எலக்ட்ரீஷியன் அந்த சுவிட்சைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பின்னால் பார்த்தார்.

"இதுக்குப் பின்னாடி ஒயரே இல்ல சார்... வெறும் சுவருதான்."